பாலையடியில் ஒரு கொப்பு

சுற்றுலா என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று பொருள். ஊருக்குப் புதிதாய் வந்த ஜெயரூபி ரீச்சருக்கோ அன்றுதான் உண்மையான பள்ளிக்கூடம். துணுக்காய்க் காட்டுக்குள் உடைந்து கிடக்கும் பழைய குளத்தைக் காட்டி, சரித்திரத்தையும் சுற்றாடலையும் ஒரே நாளில் படிப்பித்துவிடலாம் என்று எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

காட்டு வாசலில் ஒரு பாலை மரம், அதன் அடியில் கல்லாக ஐயனார். உள்ளே போகிறவர் ஒரு கொப்பை முறித்து மரக் கவட்டில் செருகி, காத்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் தன் கொப்பைத் தானே எடுத்துப் போடுவார். அடுத்தவர் கொப்பை அந்த ஊரில் யாரும் தொடுவதில்லை.

வகுப்பில் ஒருத்தியான சுரேகாவின் கண் நேரே கவட்டுக்குப் போனது. அப்பாவின் கொப்பு இருந்தது. ஆண்டியப்பன் போன வருடம் தேனெடுக்கப் போகும்போது செருகியது, அம்மாவின் சிவப்புச் சேலைத் துண்டு கட்டியபடி. அதன் பிறகு காட்டில் சண்டை மூண்டது; அவர் திரும்பவில்லை. தேடாத இடமில்லை. இன்னும் என்ன பொட்டு என்று ஊர் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அம்மா பேச்சியம்மா பொட்டை அழிக்கவில்லை. "கொப்பு நிக்கிதில்ல? அவருதான் வந்து எடுக்கணும்" என்பாள். போய்ப் பார்க்க மட்டும் அவளுக்கு நெஞ்சு வராது. காலையில் மகளிடம், பார்த்துவந்து சொல் என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

ஊர்ப் பிள்ளைகள் கொப்பு முறிக்கக் கையை நீட்டினார்கள்.

"பச்சையில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றாள் ரீச்சர். "மரமும் உயிர்தானே."

குளக்கட்டைப் பார்த்தார்கள், தண்ணீர் திறக்கும் கல் துருசைப் பார்த்தார்கள். ஆண்ட ராசாக்களைப் பற்றி ரீச்சர் நன்றாகத்தான் சொன்னாள். பிறகு தேத்தண்ணி வைக்க விறகு தேடச் சொன்னாள். "காய்ஞ்சதை மட்டும் கொண்டுவாங்கோ."

கிருசாந்தன் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து சில மாதங்கள்தான். சொன்ன சொல் தட்டாத பிள்ளை. பச்சை ஒன்றைக்கூடத் தொடாமல், காட்டு வாசல் வரை தேடிப் போய்க் கை நிறையச் சுள்ளி கொண்டுவந்து அடுப்பில் வைத்தான். தண்ணீர் கொதித்தது. சுரேகா தேத்தண்ணி குடிக்கும் பேணிகளைக் கழுவிக்கொண்டு வந்தபோது நெருப்புக்குள் சிவப்பாக ஒரு துணித் துண்டு சுருண்டு கருகியது.

அவள் கையை உள்ளே விட்டாள். ரீச்சர் பிடித்து இழுத்தாள்.

"என்ன பிள்ளை இது, கை வெந்துபோகும்."

"அது அப்பாட கொப்பு, ரீச்சர்."

ஊர்ப் பிள்ளைகள்தான் மிச்சத்தைச் சொன்னார்கள். அத்தனை சரித்திரம் சொன்ன ரீச்சருக்கு இந்தச் சரித்திரம் தெரியாது.

"காய்ஞ்சதெண்டுதான் எடுத்தனான்" என்றான் கிருசாந்தன். பக்கத்து வீரை மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை முறித்தான். ரீச்சர் தடுக்கவில்லை. "நான் கொண்டுபோய் வைக்கிறன்."

"நீ வைக்க ஏலாது" என்றாள் சுரேகா. "உள்ளுக்குப் போறவர்தான் வைக்கோணும்."

அவன் கொப்போடு நின்றான். தேத்தண்ணியை யாரும் குடிக்கவில்லை.

வழியெல்லாம் சுரேகா ஒரு பொய்யைத் தேடிக்கொண்டு வந்தாள். இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்மாவிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

பேச்சியம்மா உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கொப்பு இருந்துச்சா?"

"காலையில இருந்துச்சும்மா. வரும்போது இல்ல."

இரண்டும் உண்மை. நெருப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சியம்மா எழுந்துவிட்டாள். ஒரு வருடமாகப் பார்க்காத முகம் அது. அரிசிப் பானையில் கையை விட்டு இன்னும் ஒரு பிடி அள்ளினாள்.

"நடந்து வாற மனுசன், பசியோட வருவாரு" என்றாள். "அந்த வெறகக் கொஞ்சம் உள்ள தள்ளு, புள்ள."

சுரேகா அடுப்படியில் குந்தினாள். விறகைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.