மாட்டில் இல்லாத வால்

அக்குறணையில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீனுக்குத் தெரியாத குடல் கிடையாது. இருபத்தாறு வருசம் மாடறுத்த கை அது. பிஸ்மில்லாச் சொல்லி அறுத்து வயிற்றைத் திறந்தால், ஈரல், பித்தப்பை, பாபத்து என்கிற இரைப்பைப் பைகள் என்று கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். உள்ளே நோய் கண்ட மாடென்றால் அறுப்பதற்கு முன்பே வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, இது ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவான். அந்தக் கை ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாகப் போனது.

ஊரில் யாருக்கு வயிற்று வலி என்றாலும் வைத்தியனுக்கு முந்தி இவன் யோசனை சொல்வான். மாட்டுக்கு நாலு பை, மனுசனுக்கு ஒரு பை, மற்றதெல்லாம் ஒன்றுதான் என்பான். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அதைத்தான் என்னவென்று சொல்வது!

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டாம் வருசம், மழை விடாமல் பெய்த ஒரு திங்கட்கிழமை. அவனுடைய ஒரே மகள் ஜெஸீமா, பதினாறு வயதுப் பிள்ளை, விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. போகப் போக வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வலது காலை நீட்டவே முடியவில்லை. அவன் மனைவி ஸுலைஹா இந்தத் தடவை அவனிடம் யோசனை கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டை டாக்டரிடம் கொண்டு போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

டாக்டர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். பிள்ளையின் வயிற்றை மெல்ல அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். எடுத்தபோது அவள் அலறினாள். தகப்பன் இறைச்சிக்கடைக்காரன் என்று தெரிந்ததும், இவனுக்குச் சுலபமாக விளங்கும் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார். ஒரு தாளை எடுத்துப் படம் கீறினார். வாயிலிருந்து இறங்கும் குழாய், அதன் கீழே இரைப்பை, அதற்குக் கீழே சுற்றிச் சுற்றிக் கிடக்கும் இருபதடிச் சிறுகுடல், அதைச் சுற்றி வரும் பெருங்குடல். இரண்டும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் போல ஒன்றைத் தொங்கவிட்டார்.

"இது குடல்வால். வீங்கிப் பழுத்துப் போச்சு. இண்டைக்கே கண்டி ஆஸ்பத்திரியிலை வெட்டி எடுக்க வேணும். விட்டால் வெடிச்சுப் போம்."

அந்த 'வால்' என்ற சொல்லில் ஸெய்னுலாப்தீன் மாட்டிக்கொண்டான். மனுசன் வயிற்றுக்குள் வாலா? சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"மூவாயிரம் மாடு அறுத்தவன் நான். நீங்க காட்ற எடத்துல மொட்டைப் பை ஒண்டு ஈக்கிது. வால் ஈக்கல்ல."

"மாட்டுக்கு இல்லை. மனிசருக்கு இருக்கு," என்றார் டாக்டர்.

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் இவன் காதில் அது, 'நீ மாட்டுக்காரன், உனக்கென்ன தெரியும்' என்று விழுந்தது. பேதிக்கு மட்டும் எதையும் கொடுத்துவிடாதே என்று டாக்டர் வாசல் வரை வந்து சொன்னதும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போனது. கண்டிப் பக்கம் போகவேண்டிய வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

சாணம் கட்டிய மாட்டுக்கு எண்ணெய் ஊற்றினால் இளகும். மகளுக்கும் அதேதான் என்று ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்தான். ஸுலைஹா குறுக்கே நின்றாள். அவர் படிச்சவர், அவர் பேச்சைக் கேட்போம் என்று கெஞ்சினாள்.

"படிச்சவன் படத்தப் பாத்தவன். நான் உள்ளுக்குப் பாத்தவன்," என்றான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவனிடம் என்ன பேசுவது? அவளும் பதினெட்டு வருசம் அந்தக் கையை நம்பி வாழ்ந்தவள்தானே. விலகிக்கொண்டாள். ஜெஸீமா முகத்தைச் சுளிக்காமல் இரண்டு கரண்டி எண்ணெயையும் குடித்தாள். "சரியாகுமா வாப்பா?" என்று கேட்டாள். சரியாகும் என்றான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வலி சட்டென்று நின்றுவிட்டது. ஸெய்னுலாப்தீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் போய், வாலும் இல்லை கொம்பும் இல்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். மத்தியானம் ஸுலைஹா கடை வாசலில் வந்து நின்றாள். கலியாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான்.

பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வயிற்றில் கையை வைத்தான். பலகை மாதிரி விறைத்திருந்தது. அந்தக் கைக்கு இந்த வயிறு தெரியும். இப்படி விறைத்த மாட்டை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது! யா அல்லாஹ், இது நேற்றுத் தெரிந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சிலடித்துக்கொண்டான்.

டாக்டர் முத்துலிங்கம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்னுடைய காரிலேயே பிள்ளையையும் பெற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் பறந்தார். நாலு ஏச்சு ஏசியிருந்தால் ஸெய்னுலாப்தீனுக்குத் தாங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்தார்கள். பிறகு முத்துலிங்கம் வெளியே வந்து, உள்ளே வெடித்துப் பரவிவிட்டது, முடிந்ததைச் செய்திருக்கிறார்கள் என்றார். வெட்டி எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று ஸெய்னுலாப்தீன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லியும் அவன் கேட்கவில்லை. ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். சுண்டுவிரல் நீளம். கறுத்து, நுனி கிழிந்திருந்தது. பழக்கதோஷத்தில் தட்டுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து நிறை பார்த்தான். தட்டின் கனம்தான் இருந்தது.

புதன்கிழமை அஸர் தொழுகை நேரத்தில் ஜெஸீமா மூச்சடங்கி மௌத்தானாள்.

மகளின் மையித்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஸுலைஹா அழவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவுமில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"ஈந்திச்சா?"

அந்த வால் இருந்ததா என்றுதான் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஈந்திச்சி," என்றான்.