கூப்பிடு தூரம்

மகள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு அந்த ஸ்பேனரை இழுத்து எடுத்தாள். கீழே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி வந்துவிட்டது, நல்ல சட்டையாக ஒன்று எடுத்து வா என்று சித்தப்பா அவளை மாடிக்கு விரட்டியிருந்தார். வந்த இடத்தில் இது கண்ணில் பட்டது.

ஸ்பேனர் அங்கே கிடந்ததில் அதிசயமில்லை. அப்பா பிளம்பர். உழைத்ததையெல்லாம் கொட்டி அறைமேல் அறையாகக் கட்டிய வீடு இது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனபின் மிஞ்சியது இரண்டே பேர். அவர் மாடியில் படுத்திருப்பார், அம்மா இராத்திரியும் கீழே அடுப்படியில் கிடப்பாள். தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கட்டிலோரமாக இறங்கி அடுப்படிக்குப் போகும் இரும்புக் குழாயில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் டீ. விடாமல் தட்டினால் உடனே வா. கீழே பாத்திரமெல்லாம் அதிரும்.

சின்ன வீடாகப் பார்த்துப் போய்விடலாம், பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிகிறது என்று அம்மா சொல்லாத நாளில்லை. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. லீவுக்கு வந்தால் நாங்கள் எங்கே படுப்பது என்று மகளும் அவர் பக்கமே பேசினாள். போன வாரம், துருத்தண்ணீரில் பேரப்பிள்ளைகள் எப்படிக் குளிக்கும் என்று இரும்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே பிளாஸ்டிக் குழாய் மாட்டினார். காலமெல்லாம் குழாயோடு கிடந்த மனுஷருக்கு இதில் தட்டினால் கேட்காது என்று தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை.

மகள் குழாயைப் பார்த்தாள். ஓரிடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகச் சிராய்ப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. நிற்கிறவன் கை படும் உயரமில்லை. படுத்திருக்கிறவன் கை எட்டும் உயரம்.

ஸ்பேனரைத் துண்டில் சுருட்டி, அப்பாவுக்கு எடுத்த சட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே அம்மா, வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் டீ கொண்டுபோனாளாம், தூங்குகிற மாதிரியே கிடந்தாராம்.

"ஒரு சத்தம் இல்ல. கஷ்டமா இருந்திருந்தா தட்டியிருப்பாருல்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். புண்ணியவான் என்று யாரோ சொன்னார்கள். மகள் சட்டையை நீட்டிவிட்டு, துண்டைத் தன் பைக்குள் திணித்தாள். அதன்பிறகு யார் மாடிப்படியில் கால் வைத்தாலும் அவள் எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு சித்தப்பாதான் பேச்சை எடுத்தார். "அண்ணன் வீட்ல அண்ணியத் தேடணும்னா பஸ் பிடிக்கணும். இனி ஒத்தையா என்ன பண்ணுவீங்க அண்ணி? மக வீட்டுக்குப் போயிடுங்க."

இத்தனை வருஷம் போகலாம் போகலாம் என்றவள், மாட்டேன் என்றாள். நோகாமல் அவர் போய்ச் சேர்ந்த வீடு, தனக்கு இங்கே என்ன பயம் என்று கேட்டாள். சித்தப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். வீடு திடீரென்று வளர்ந்துவிட்டது போலிருந்தது.

அம்மா மாடியிலேயே, அவர் கட்டிலிலேயே படுக்கப் போவதாகச் சொன்னாள். "நீ கவலப்படாம ஊருக்குப் போ. ஒண்ணுன்னா குழாயத் தட்டுறேன். பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

சும்மா இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பாள். நிம்மதியாக இருந்து, ஒருநாள் அதே இடத்தில் தட்டிக்கொண்டு கிடப்பாள்.

"இப்ப கேக்காதும்மா."

"ஏன் கேக்காது?"

அம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினாள். "நீ அடுப்படியிலயே நில்லு."

மகள் நின்றாள். ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. குழாயில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. கேட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கேட்டுவிட்டால் அன்றைக்கு அம்மாவுக்கு ஏன் கேட்கவில்லை என்றாகிவிடுமே என்றும் பயந்தாள். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. அம்மா இறங்கி வரும் அரவம்தான் கேட்டது, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

அம்மா கடைசிப் படியில் நின்றுவிட்டாள். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைத் தூளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுச்சா?"

கேட்டது என்று ஒரு வார்த்தை மகளின் வாய்வரை வந்தது.

"இல்லம்மா."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "உன் வீட்ல அடுப்படிக்கும் படுக்கற ரூமுக்கும் எவ்ளோ தூரம்?" என்றாள்.

"மெதுவா கூப்பிட்டாலே கேக்கும்மா. இருமுனா கூட."

நாலு பேர் தாராளமாக உட்காரக்கூடிய அகலப் படி அது. அம்மா சுவரோரமாக ஒண்டி இடம் விட்டாள். மகள் அவ்வளவு இடத்தையும் விட்டுவிட்டு, அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.