விளக்கு வைத்த பிறகு வந்த வெயில்

ஐம்பத்தொரு வயதில் சொர்ணாம்பாளுக்குக் காதல் வந்ததை முதலில் அறிவித்தது, பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போகும் டவுன் பஸ்ஸின் ஒலிபெருக்கி. அவள் சீவலப்பேரிப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. மகள் சுப்ரஜாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த மறு வாரம், பஸ் ஆற்றோரத்து வளைவில் திரும்பியபோது சொர்ணாம்பாளுக்குக் குமட்டியது. பின் இருக்கையிலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது. தபால் ஆபீஸ் மகேஸ்வரனின் கை. அவரும் மனைவியை இழந்தவர். வருடக்கணக்காக ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் பழத்தை முகர்ந்தாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்று வேறொன்று தொடங்கியது.

"விளக்கு வச்ச பெறவு வந்த வெயிலே, ஒன்ன எங்க ஒளிச்சு வைப்பேன்" என்று ஒரு பெண்குரல் பாடியது. எங்கோ கேட்ட சினிமாப் பாட்டு போலத்தான் எல்லோருக்கும் இருந்தது. எந்தப் படம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஓட்டுநர் சங்கிலிபூதத்தான் பாட்டுப் பெட்டியை அணைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. மறுநாள் வயரையே பிடுங்கினார்.

"வயரப் பிடுங்கிப் பையில போட்டாச்சு. இன்னும் படிக்குதே வே."

"அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுருவோமா அண்ணாச்சி?" என்றார் நடத்துநர்.

பஸ் சிரித்தது. சொர்ணாம்பாள் சிரிக்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள், ஆட்டோ பாடியது. காய்கறிக் கடையில், பணம் வந்து சேர்ந்ததைச் சொல்லும் சின்னப் பெட்டி, தொகையைச் சொல்லாமல் அந்த வரியைப் பாடியது. கடைக்காரர் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கத்தரிக்காயை நிறுத்தார். தன்னைத் தேடித்தான் அது வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. மாப்பிள்ளையின் தாய் கோமதியம்மாள், பெண்ணின் தாய் எப்படி என்று நாலு இடத்தில் விசாரித்த பிறகே பெண் பார்க்க வந்தவள். கல்யாண மண்டபத்தில் பாட்டு கேட்டு, இது யாருக்காக என்று ஒருவர் வாய்திறந்தால் போதும், சுப்ரஜாவின் கல்யாணம் நின்றுவிடும்.

கணவனை இழந்த தாய் மணவடை மேடைப் பக்கம் வருவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தாய்மாமனும் அவர் மனைவியும் தாரை வார்ப்பார்கள். அந்த வழக்கத்தை வாழ்நாளில் முதல்முறையாக அவள் நன்றியோடு நினைத்தாள். கல்யாணத்தன்று, தை மாதக் காலையில், மண்டபத்தில் ஒலிபெருக்கி இல்லாத காய்கறி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முகூர்த்த நேரத்தில் சுப்ரஜா மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து கதவைத் தட்டினாள்.

"நீ பக்கத்துல இல்லாம எனக்குத் தாலி வேண்டாம்மா. எந்தி."

பாசத்தாலேயே மகள் தன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்பதை எந்த வார்த்தையால் சொல்வது? சுப்ரஜா அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மணவடையில் அவள் கால் பட்டதும் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் அடங்கிப் பாட்டு எழுந்தது. சொர்ணாம்பாள் கண்களை மூடிக்கொண்டு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. கண் திறந்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனுக்கு நெற்றி வியர்த்திருந்தது. கடைசி வரிசையில் மகேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதியம்மாள் அருகில் வந்து, சில்லிட்ட விரல்களால் அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

"மதினி, அது என்னத் தேடி வந்த பாட்டு. யார்ட்டயும் சொல்லிராதிய."

சொல்லமாட்டேன் என்று சொர்ணாம்பாள் தலையாட்டினாள். பாட்டு முடிந்தது, தாலி ஏறியது. மறுவீட்டு விருந்தில் சொதிக் குழம்பில் இஞ்சி சற்றுக் கூடிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவள் மறுபடியும் பஸ்ஸில்தான் போகிறாள். வளைவு வந்ததும் பாட்டு தொடங்கும். பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். முடியும்வரை நடத்துநர் டிக்கெட் கிழிப்பதில்லை. சங்கிலிபூதத்தான் வயரைத் திரும்ப மாட்டவே இல்லை. சொர்ணாம்பாள் மட்டும் பின்பக்கம் திரும்புகிறாள். பின் இருக்கையிலிருந்து வரும் எலுமிச்சம்பழத்தைக் கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள்.