அஞ்சாலையின் வாய்

பல் டாக்டரம்மாவுக்கு வாயைக் கண்டு பயமில்லை. எத்தனையோ பேரை 'ஆ' சொல்ல வைத்தவள். அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரே ஒரு வாய்க்கு மட்டும் நடுங்கினாள். கடல்நீர்த் தொட்டியின் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி, நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலையின் வாய் அது. விலாங்கு சாதி, கை தடிமன், ஊசி ஊசியாய்ப் பல். மூச்சு விடத்தான் அப்படித் திறக்கிறது என்று கணவன் தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"மூச்சு விடுதோ, என்னைத் திட்டுதோ, யாரு கண்டா?" என்பாள்.

கணவன் கப்பல் இன்ஜினியர். கப்பலேறும்போது, "மூடி மேல கல்லை வைக்க மறந்துடாத, நழுவி வெளிய வந்துடும்" என்று சொல்லி, தொட்டியை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் திரும்புகிறான். அஞ்சாலையோ பல நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட இல்லாதவன் மாதிரி வாடிக் கிடக்கிறது. இடுக்கியில் மீன் துண்டு, கணவாய்த் துண்டு என்று எதை நீட்டினாலும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கல்யாணமான புதிதில், "அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தாள். இப்போது அது செத்தால் அந்தப் பேச்சு ஆயுசுக்கும் அவள் தலையில் விடியும். கணவன் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அந்த மௌனத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

"உயிரோட இறால் வாங்கிப் போட்டுப் பாரேன்மா, ஆடுறதைக் கண்டா ஆசை வரும்," என்றார் மாமியார்.

கிளினிக் முடிந்ததும் வளர்ப்புமீன் கடைக்குப் போனாள். அங்கேதான் தப்பு செய்தாள். தீனி இறால்கள் டப்பாவில் சோகை பிடித்துக் கிடந்தன. உடம்பு முடியாததுக்கு நல்லதாய்க் கொடுப்போமே என்று, வேறொரு தொட்டியில், முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய செக்கச்செவேல் இறால் ஒன்றைக் காட்டினாள். வளர்க்கத்தான் வாங்குகிறாள் என்று கடைக்காரரும் பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்.

கணவன் சொல்லித் தந்தபடி தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கி, இறாலைத் தொட்டியில் விட்டாள். பயந்து ஒளியும் என்று பார்த்தால், பாறைமேல் ஏறி மீசையை ஆட்டியது. அஞ்சாலை வெளியே வந்தது. மாமியார் கண்ணைப் பொத்திக்கொண்டார். இறால் அதன் கன்னத்தில் ஏறி, நேராக வாய்க்குள் நடந்தது.

"போச்சு!" என்றாள்.

வாய் மூடவில்லை. அகலத் திறந்தபடி அசையாமல் நின்றது. இறால் ஒவ்வொரு பல்லாய்த் தடவிக்கொண்டு உள்ளே போனது. ஓரிடத்தில் ஈறு வீங்கியிருந்தது. அங்கே கொடுக்கால் பற்றி இழுத்தது. அஞ்சாலையின் உடம்பு வெடுக்கென்று உதறியது. அந்த உதறலை அவளுக்குத் தெரியும், தினமும் நாற்காலியில் பார்ப்பதுதான். அவள் விரலைக் கடித்தவர்கள்கூட உண்டு. இது கடிக்கவில்லை. இறால் மறுபடி இழுக்க, ஒரு மீன்முள் வெளியே வந்து விழுந்தது. அவள் அறியாமல் வாங்கி வந்தது, மீன்களின் வாயைச் சுத்தம் செய்தே வயிறு வளர்க்கும் சாதி இறால்.

"நீ போட்ட சாப்பாடு அதுக்கு வைத்தியம் பாக்குதேம்மா!" என்றார் மாமியார், விரலிடுக்கு வழியாக.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறால் வெளியே வந்து பாறைக்குத் திரும்பியதும், கணவாய்த் துண்டை நீட்டினாள். அஞ்சாலை கவ்வியது. அப்போது தொண்டைக்குள்ளிருந்து இன்னொரு தாடை, அதற்கும் தனிப் பற்களோடு, முன்னால் வந்து துண்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனது. கணவன் இதைச் சொன்னபோது கதை அளக்கிறான் என்று சிரித்திருக்கிறாள். வாயைத் தவிர வேறெதையும் படிக்காத அவள், வாயென்றால் என்னவென்று இன்றுதான் பார்த்த மாதிரி நின்றாள்.

மூடியை மூடிக் கல்லை வைத்தபோது கணவன் போன் செய்தான்.

"ஏதாச்சும் சாப்ட்டுச்சா?" தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"சாப்ட்டுச்சு," என்றாள். "நீங்க வரும்போது அது இருக்கும். நானும் இருப்பேன்."