இசபெல்லா துவைத்த ஸ்வெட்டர்

“அந்த ஸ்வெட்டர் இப்ப எங்கக்கா இருக்கு?” என்று வக்கீல் கஸ்பார் கேட்டதும், இசபெல்லா சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள்.

“இதாங்க சார்.”

கொடைக்கானல் குளிருக்கு அவள் போட்டுக்கொண்டு வந்திருந்ததே அதைத்தான். கஸ்பார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், எண்பத்திரண்டில், காய்கறி வியாபாரி திருமலைச்சாமியைக் குத்திக் கொன்றதாக அவள் புருஷன் ஞானமுத்துவுக்கு ஆயுள் தண்டனை. அவன் போட்டிருந்த இந்த ஸ்வெட்டரில் இருந்த ரத்தம்தான் பெரிய சாட்சி. “கேரட் தழை அறுக்கையில என் கையில பட்ட வெட்டுங்க, என் ரத்தம்ங்க” என்று அவன் கதறினான். செத்தவருக்கும் அவனுக்கும் ஒரே குரூப் ரத்தம். கதறல் எடுபடவில்லை.

“ஐதராபாத்துல புதுசா ஒரு சோதனை வந்திருக்குக்கா. டி.என்.ஏ.ன்னு பேரு. ஒரே குரூப்பா இருந்தாலும் யார் ரத்தம்னு பிரிச்சுச் சொல்லிருவாங்களாம். அதுக்கு மனு போடலாம்னுதான் உங்களை வரச் சொன்னேன். அப்பீல் தோத்ததும் கோர்ட்டுல இருந்த கேஸ் சாமானை நீங்க வாங்கிட்டுப் போனதா ரிஜிஸ்டர்ல இருக்கு. கறை இருக்கா?”

“கறையா? ஒரு பொட்டு இருக்காது சார்!” வாய் முந்திக்கொண்டது. “மிஷன் ஸ்கூல் லாண்டரியில இருபது வருஷ சர்வீஸு. ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாதுங்க. பச்சைத் தண்ணியில உப்பைப் போட்டு ஊற வச்சு, மூணு தடவை அலசி...”

சொல்லிக்கொண்டு வரும்போதுதான், என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. புருஷனை உள்ளே தள்ளப் போலீசுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அவன் வெளியே வரும் வழியை அடைக்க இவளுக்கு ஒரு பக்கெட் தண்ணி போதுமாயிருந்தது. இந்தக் கெட்டிக்காரியைத்தான் ஸ்கூல் கிறிஸ்துமஸ் விழாவில் மேடையேற்றி, டார்ச் லைட் பரிசு கொடுத்தார்கள்.

“சரிக்கா, உங்களுக்கு என்ன தெரியும்” என்று கஸ்பார் காகிதங்களைக் கட்டத் தொடங்கினார்.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

“சார், ஒண்ணு சொல்றேன். லாண்டரிக்காரிக காதுல விழுந்தா எனக்கு மானம் போயிரும்.”

“சொல்லுங்க.”

“இந்தக் கைப்பட்டையைப் பாருங்க. ஊதா ஸ்வெட்டர்ல இது மட்டும் சாம்பல் கலரா இருக்குல்ல? பேஷன்னு சொல்லி வச்சிருக்கேன். பொய்யிங்க. பழைய பட்டையில, மடிப்புக்குள்ள இருந்த கறை நான் தலைகீழா நின்னும் போகலை. வெட்டியெடுத்து, பட்டன் டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்.”

கஸ்பார் எழுந்தே விட்டார். “இதை ஏன்க்கா முதல்லயே சொல்லலை?”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

“உப்புத் தண்ணி பட்டிருக்கு. சோதனைக்கு ஆகுமா, உங்க வீட்டுல கெடந்ததைக் கோர்ட்டு ஏத்துக்குமா, எதுவும் உறுதியில்லை. ஆனா மனு போட்டுக் கேக்கலாம். நீங்க கூண்டுல ஏறி எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

“என்னன்னுங்க?”

“அந்தக் கறையை எடுக்க உங்களால முடியலைன்னு.”

“எழுதுங்க சார். இசபெல்லாவுக்குத் துவைக்கவே தெரியாதுன்னு எழுதுங்க. நான் வெரசாப் போயி எடுத்துட்டு வாரேன்.”

“நில்லுங்க, நானும் வாரேன்!” கஸ்பார் செருப்பைத் தேடினார். “நீங்க கையால தொடாதீங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அலசிராதீங்க.”