முகிலின் போர்வை

குழந்தைப் போர்வையில் எம்பிராய்டரியாகப் பெயர் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிரசவத்துக்கு முன்பே போர்வை வேண்டும் என்பவர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயராகத் தேடுவார்கள். கதிர், தளிர், பனி என்று கடைசியில் வானத்திடமும் செடியிடமும்தான் போய் நிற்பார்கள். மழையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லையே.

போன வருஷம் என் தங்கை தேர்ந்தெடுத்தது முகில். சாம்பல் நூலில் நானே தைத்தேன். ஆறாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. அவள் கணவர் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்து, "இது அவ கண்ணுல படாம வச்சிருங்கக்கா" என்றார்.

வைத்திருந்தால் போதாதா? என் கை சும்மா இருந்ததா? நல்லது செய்கிற நினைப்பில் எழுத்தையெல்லாம் பிரித்துவிட்டேன். நான் ஒரு அவசரக்குடுக்கை.

இப்போது மறுபடி உண்டாகி அவளுக்கு ஏழு மாதம். நேற்று மதியம், வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து நேராக வந்து என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் போர்வை உன்கிட்டதானே இருக்கு? எடு."

"புதுசா ஒண்ணு தைச்சுத் தரேன்டி" என்று மழுப்பினேன்.

"புதுசு இதுக்கு. அது அந்தக் குழந்தையோடது. அதுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பீரோவிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். வெறும் வெள்ளைத் துணி.

"நான்தான் பிரிச்சேன். மன்னிச்சிடு." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் துணியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஊசி போன துளைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மூன்று எழுத்தும் அப்படியே இருந்தன.

"உன் தையல் அவ்வளவு லேசுல போயிடுமாக்கா?" என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது. "ஆணா பொண்ணான்னு அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. எனக்குத் தெரிஞ்சது இந்தப் பேர் மட்டும்தான். அதே ஓட்டையில திரும்பத் தைச்சுடு."

"அப்ப இதுக்கு?" என்று அவள் வயிற்றைக் காட்டினேன்.

"சாரல். முகிலுக்கு அடுத்து வர்றது அதுதானே."

புதுத் துணி ஒன்றை எடுத்துவந்து, இரண்டையும் மேஜைமேல் விரித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் ஊசியில் நூல் கோர்க்கவே நேரமானது. மூத்ததன் பெயரை முதலில் தைத்தேன்.