இழுப்பறையில் கிடந்த பிறப்புச் சீட்டு

"ஏசு சாமிக்கு சூராட் பெரானாக் இருந்துச்சா, கிராணி ஐயா?"

குமுதவல்லி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. மலேசியாவில் சுவாவை அடுத்த அந்தத் தோட்டத்தின் சின்னக் கோவிலில், கிறிஸ்துமஸ் குடிலின் முன்னால், தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணி சவரிமுத்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். அரசன் கட்டளைப்படி பெயர் பதிவதற்காக மாதாவும் சூசையப்பரும் பெத்லகேமுக்குப் போன கதை. மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்பதால் லயத்து இந்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சூராட் பெரானாக் எனும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர முடியாமல் வீட்டில் இருந்தவள் அவள் ஒருத்திதான். கேள்வியைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்துவால் சிரிக்க முடியவில்லை.

காரணம் அவருக்கு மட்டுமே தெரியும்.

தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தோட்ட மருத்துவமனை டிரெஸ்ஸர் ஒரு சீட்டு எழுதுவார், தகப்பன் ரேகை வைப்பான். சனிக்கிழமை டவுனுக்குப் போகும் கிராணி அதைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துவருவார். அதுதான் வழக்கம். குமுதவல்லியின் அப்பா நல்லசாமியும் சீட்டைக் கொடுத்திருந்தான். ஆனால் அதே வாரம், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் அவன் சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னான்: "ஞாயித்துக்கெழம நீங்க கோவில்ல முட்டி போடுறீங்க. திங்கக்கெழம எங்கள முட்டி போட வைக்கிறீங்க. நல்ல சாமிதான் ஐயா ஒங்க சாமி!"

சிரிப்பு அடங்க நேரமானது. சவரிமுத்து சீட்டை மேசை இழுப்பறையில் போட்டார். ஒரு வாரம் காத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தார். ஒரு வாரம் நாலு வாரமானது, கெடு கடந்தது. அதன்பிறகு கொடுத்தால் தன் குற்றம் வெளிப்படும். நல்லசாமி கேட்டபோதெல்லாம் "வரும், வரும்" என்றார். பிறகு நல்லசாமி இறந்தான். பின்னாளில் தோட்டமும் கைமாறியது. இழுப்பறையிலிருந்த சீட்டு மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் அவர் இதைச் சொன்னதுண்டு, மன்னிப்பும் கிடைத்தது. மன்னிப்பது கடவுளின் வேலை. சீட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் வேலை என்பதைத்தான் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

குமுதவல்லிக்கு இருபத்திரண்டு வயதானபோது, அவள் தாய் வள்ளியம்மா ஒரு தாளோடு அவர் வீட்டுக்கு வந்தாள். மகளும் கூட வந்தாள். அவர் மூன்று கோப்பையில் டீ ஊற்றி வைத்தார்.

"மாப்பிள்ள ஹேமநாதன் வீட்டுல சம்மதம் சொல்லிட்டாங்க. ஐ.சி. கார்டு இல்லாம கல்யாணத்தப் பதிய முடியாதாம், அதுக்குப் பொறப்புப் பத்திரம் வேணுமாம். பொறந்தது தெரிஞ்ச ஆளு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணுமாம், ஐயா."

தாளில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், 'தந்தை பதியத் தவறிவிட்டார்' என்றிருந்தது.

"அந்த மனுசன் குடிச்சிட்டு எங்கயோ தொலைச்சிருக்கும். கிராணிகிட்ட குடுத்தேன் குடுத்தேன்னு சாகற வரைக்கும் பொய்யி" என்றாள் வள்ளியம்மா.

பேனா அவர் கையில் இருந்தது. ஒரு கையெழுத்து போதும். பெண்ணுக்குப் பத்திரம் கிடைத்துவிடும், அவர் பெயரும் கெடாது.

"ஒனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும் இல்ல?" என்று குமுதவல்லியிடம் கேட்டார்.

"பேப்பர் இல்லாட்டியும் நான் மனுசிதான் ஐயா, அது எனக்குத் தெரியும். கவுண்டர்ல ஒக்காந்திருக்கறவங்களுக்கும் தெரியணும்ல லா" என்று சிரித்தாள் அவள்.

சவரிமுத்து எழுந்து உள்ளே போனார். ஜெப புத்தகத்தின் நடுவிலிருந்து பழுத்துப்போன சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். நல்லசாமியின் ரேகை இன்னும் தெளிவாக இருந்தது.

"அவன் பொய் சொல்லலம்மா. எங்கிட்டதான் குடுத்தான். ஒரு கோவத்துல நாந்தான் வச்சிட்டேன்."

வள்ளியம்மா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள், அந்த ரேகையை மட்டும் விரலால் தொட்டாள்.

"இருவது வருசமா அந்த மனுசனத் திட்டியிருக்கேனே கிராணி. அந்தத் திட்டயெல்லாம் இப்ப யாருக்குக் குடுக்கறது?"

"எனக்குக் குடும்மா."

அவள் அழுதாள். குமுதவல்லிதான் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். பிறகு அவர் முன்னால் தள்ளினாள். "நடந்தத எழுதுங்க ஐயா. டீ ஆறுது, மொதல்ல குடிங்க."

அவர் எழுதினார். மறுநாள் டவுனில் சத்தியம் செய்து, சீட்டையும் சேர்த்துக் கொடுத்தார். டிரெஸ்ஸரின் முத்திரையும் தகப்பனின் ரேகையும் இருந்ததால் அதிகாரிகள் அதிகம் கேட்கவில்லை. ஆனாலும் பதினோரு மாதமானது. பத்திரம் வந்த அன்று குமுதவல்லி அதன் நகல் ஒன்றை எடுத்து, அவர் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

சவரிமுத்து அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனார். செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த இடுகாட்டில் ஆள் யாருமில்லை. நல்லசாமியின் புதைமேட்டை லாலாங் புல் மூடியிருந்தது. தகப்பன் பெயர் உள்ள வரியை ஒருமுறை உரக்கப் படித்தார். பிறகு முட்டி போட்டு, புல்லை ஒவ்வொரு பிடியாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

அன்று திங்கட்கிழமை.